மருத்துவ ஜர்னலுக்குக் கட்டுரை எழுதும்போது ரெஃபரன்ஸ் அமைப்பது எப்படி: வான்கூவர் முறைக்கு ஒரு முழு வழிகாட்டி

1980 ஜனவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு சின்னக் கடிதம் வெளிவந்தது. மொத்தமே ஐந்து வாக்கியங்கள். எழுதியவர்கள் பாஸ்டனைச் சேர்ந்த போர்ட்டர், ஜிக் என்ற இருவர். மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்து ஓபியாய்டு (அபின் வகை) வலிமருந்து பெற்ற 11,882 பேரின் பதிவுகளைப் பார்த்ததில், முன்பு அடிமைப் பழக்கம் இல்லாதவர்களில் நான்கே பேருக்குத்தான் அந்தப் பழக்கம் உறுதியாகப் பதிவாகியிருந்தது என்றார்கள். அவ்வளவுதான் கடிதம்.

2017-ல் கனடா ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். அந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டிய கட்டுரைகளை எல்லாம் தேடி எடுத்தார்கள். 608 கிடைத்தன. அவற்றில் 439 கட்டுரைகள், ஓபியாய்டு எடுப்பவர்களுக்கு அடிமைப் பழக்கம் வருவது அரிது என்பதற்குச் சான்றாக அந்தக் கடிதத்தைக் காட்டியிருந்தன. அந்த நோயாளிகள் எல்லோரும் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதை 491 கட்டுரைகள் சொல்லவே இல்லை. வீட்டில் இருந்தபடி மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குபவருக்கும் இது பொருந்தும் என்று படித்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வட அமெரிக்காவின் ஓபியாய்டு பேரிடருக்கு இதுவும் ஒரு காரணம் என்று அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

அந்தக் கட்டுரைகளில் தொகுதி எண், பக்க எண், அரைப்புள்ளி எல்லாம் பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கும். பிழை எண் போட்ட வாக்கியத்தில் இருந்தது. அதனால் இந்த வழிகாட்டியில் புள்ளி எங்கே, கமா எங்கே என்பதோடு, எந்த வாக்கியத்துக்கு எந்த எண் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். இரண்டும் ஒரே காரியத்துக்காகத்தான்: நீங்கள் சொன்னது உண்மையா என்று படிப்பவர் இரண்டு நிமிடத்தில் போய்ப் பார்க்க முடிய வேண்டும். தீசிஸைக் கட்டுரையாக்கும் முதுநிலை மாணவர்கள், முதல் கேஸ் ரிப்போர்ட் எழுதும் ஹவுஸ் சர்ஜன்கள், நர்சிங், பார்மசி ஆராய்ச்சியாளர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

வான்கூவர் முறை என்றால் என்ன

1978-ல் பொது மருத்துவ ஜர்னல்கள் சிலவற்றின் ஆசிரியர்கள் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிப் பேசினார்கள். கட்டுரையாளர் ஒவ்வொரு ஜர்னலுக்கும் ஒவ்வொரு விதமாகத் தட்டச்சு செய்து மாய வேண்டியதில்லை, ஒரு பொது அமைப்பு இருக்கட்டும் என்பது நோக்கம். அடுத்த ஆண்டு அவர்களுடைய விதிமுறைகள் அச்சில் வந்தன. அந்தக் குழுதான் இன்று சர்வதேச மருத்துவ ஜர்னல் ஆசிரியர்கள் குழு, சுருக்கமாக ஐசிஎம்ஜேஇ. நிறுத்தக்குறி வரையிலான நுணுக்கங்களுக்கு அவர்கள் கைகாட்டுவது அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தை. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டை நடத்துவதும் அந்த நூலகம்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பல சந்தேகங்களை அதுவே தீர்த்து வைக்கும்.

முறையின் சாரம் எளியது. கட்டுரையில் எது முதலில் வருகிறதோ அதற்கு 1, அடுத்து வருவதற்கு 2. ஒருமுறை கொடுத்த எண் கடைசிவரை மாறாது. ஒரே ஆய்வை ஆறு இடத்தில் காட்டினாலும் அதே எண்தான். கடைசியில் பட்டியல் அந்த எண் வரிசையிலேயே வரும், அகர வரிசையில் அல்ல.

முதல் படி: ஜர்னலின் அறிவுரைப் பக்கம்

‘வான்கூவர்தானே, தெரியும்’ என்று நேராக உட்காராதீர்கள். வான்கூவர் என்பது ஒரு குடும்பம். ஒவ்வொரு ஜர்னலும் அதில் தன் வீட்டு வழக்கத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது. எண் மேலெழுத்தாக வர வேண்டுமா, சதுர அடைப்புக்குள்ளா, வட்ட அடைப்புக்குள்ளா? முற்றுப்புள்ளிக்கு முன்னா, பின்னா? எத்தனை ஆசிரியர் பெயருக்குப் பிறகு ‘எட் அல்’ (மற்றும் பிறர்) போட வேண்டும்? இதழ் எண் வேண்டுமா? டிஓஐ (கட்டுரையின் நிரந்தர இணைய அடையாள எண்) கட்டாயமா? பட்டியலில் அதிகபட்சம் எத்தனை இருக்கலாம்? இவற்றை ஒரு தாளில் குறித்து மேசையில் ஒட்டி வையுங்கள்.

‘எட் அல்’ விஷயத்தில்தான் அதிகம் தடுமாறுவார்கள். ஐசிஎம்ஜேஇ மாதிரிகளின்படி ஆறு பேர் வரை எல்லோரையும் எழுதி, அதற்கு மேல் இருந்தால் முதல் ஆறு பேரோடு நிறுத்தி எட் அல் போட வேண்டும். ஜாமா குழும ஜர்னல்கள் பின்பற்றும் அமெரிக்க மருத்துவச் சங்க முறையிலும் ஆறு வரை எல்லோரும் உண்டு. ஆனால் ஏழாகிவிட்டால் முதல் மூவரை மட்டும் எழுதி எட் அல். வித்தியாசம் சின்னதாகத் தெரிந்தாலும் நாற்பது ரெஃபரன்ஸில் கையால் திருத்தப் போனால் ஒரு ராத்திரி போய்விடும்.

எண்ணிக்கை வரம்பையும் முதலிலேயே பாருங்கள். நூற்றைம்பது ரெஃபரன்ஸ் உள்ள தீசிஸிலிருந்து வருபவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஓர் அசல் ஆய்வுக்கு 40 வரைதான் அனுமதிக்கிறது. தீசிஸில் தலைப்போடு தொடர்புள்ள எல்லாவற்றையும் அடுக்கலாம். கட்டுரையில் உங்கள் வாதத்தைத் தாங்கும் தூண்கள் மட்டும் போதும்.

அப்புறம், அதே ஜர்னலில் இந்த ஆண்டு வந்த கட்டுரை ஒன்றைத் திறந்து அதன் பட்டியலையும் பாருங்கள். அறிவுரைப் பக்கம் குழப்பும் இடங்கள் அதில் தெளிவாகும். இரண்டும் முரண்பட்டால் அறிவுரைப் பக்கத்தையே பின்பற்றுங்கள். அச்சு வடிவத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். முதல் சமர்ப்பிப்புக்கு எந்த முறையாக இருந்தாலும் சரி, சீராக இருந்தால் போதும் என்று சொல்லும் பதிப்பகங்களும் உண்டு. அப்படிச் சொல்லியிருந்தால் நேரத்தை மிச்சப்படுத்துங்கள்.

இரண்டாம் படி: சேகரிக்கும்போதே மென்பொருளில் போடுங்கள்

கையால் எண் போட்டுப் பட்டியல் தயாரிக்க முடியும். ஆனால் கைடு படித்துவிட்டு ‘அறிமுகத்தில் இன்னொரு வரி சேருங்கள்’ என்று சொன்ன அடுத்த நொடி 4 முதல் 38 வரை எல்லா எண்ணும் மாறிப்போகும். அதனால் மென்பொருள் அவசியம். எண்ட்நோட் காசு கொடுத்து வாங்குவது. மெண்டலி, ஸோட்டெரோ இரண்டும் இலவசமாகக் கிடைக்கும். நான் யாருக்கும் ஸோட்டெரோவைத்தான் சொல்வேன். திறந்தமூல மென்பொருள், லாப நோக்கமில்லாத அமைப்பு நடத்துகிறது, உங்கள் தொகுப்பை எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுத்துக்கொள்ளலாம்.

பயன்படுத்தும் வழி இதுதான். பப்மெட்டில் கட்டுரையைத் திறந்தால் தலைப்புக்குக் கீழே பிஎம்ஐடி என்று ஓர் எண் இருக்கும். அதை நகலெடுங்கள். ஸோட்டெரோவின் மேல்பட்டையில் மந்திரக்கோல் மாதிரி ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தி எண்ணை ஒட்டி என்டர் தட்டினால் ஆசிரியர், தலைப்பு, ஜர்னல், ஆண்டு, தொகுதி, பக்கம் எல்லாம் வந்து உட்கார்ந்துவிடும். டிஓஐ போட்டாலும் வரும். ஆனால் மருத்துவக் கட்டுரைக்கு பிஎம்ஐடி வழியே போவது நல்லது. ஜர்னலின் சரியான சுருக்கப் பெயரும் சேர்ந்தே வரும்.

கூகுள் ஸ்காலரின் மேற்கோள் பெட்டியிலிருந்து வரியை நகலெடுத்து ஒட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. அங்கே வான்கூவர் என்றே ஒரு வரி இருப்பதால் ஏமாந்துவிடுவார்கள். ஜர்னல் பெயர் அதில் சுருக்கப்படாமல் முழுதாக நிற்கும், சில சமயம் தொகுதி எண்ணே இருக்காது. தேடுவதற்கு ஸ்காலர் நல்லது, எடுப்பதற்கு பப்மெட்.

வேர்டில் எழுதும்போது ஸோட்டெரோ பட்டை மூலம் மேற்கோளைச் செருகுங்கள். முதல்முறை செருகும்போது பாணி எது என்று கேட்கும். வான்கூவரையோ, ஜர்னலின் பெயரிலேயே பாணி இருந்தால் அதையோ தேர்ந்தெடுங்கள். அதே பெட்டியில் மெட்லைன் ஜர்னல் சுருக்கங்களைப் பயன்படுத்தவா என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட மறக்காதீர்கள்.

மூன்றாம் படி: மூலத்தைப் படித்த பிறகே எண்

இதை மென்பொருள் செய்து தராது. 2015-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, மருத்துவ ஜர்னல்களில் மேற்கோளும் மூலமும் பொருந்துகின்றனவா என்று சோதித்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஏறக்குறைய கால்பங்கு மேற்கோள்களில் ஏதாவது ஒரு பிழை இருந்தது.

எங்கிருந்து இது வருகிறது? மற்றவர் கட்டுரையில் ஒரு வாக்கியத்தைப் பார்க்கிறோம், அதன் எண்ணைப் பட்டியலில் தேடுகிறோம், அந்த வரியை அப்படியே நம் பட்டியலுக்குக் கொண்டுவந்துவிடுகிறோம். நடுவில் படிப்பது என்ற ஒன்று நடக்கவே இல்லை. இப்படி நகல் எடுத்ததால் வந்த பிழைகளில் புகழ்பெற்றது ஒன்று. 1887-ல் யாரோஸ்லாவ் ஹ்லாவா என்ற செக் மருத்துவர் வயிற்றுக்கடுப்பைப் பற்றித் தன் மொழியில் ஒரு கட்டுரை எழுதினார். அதைச் சுருக்கி ஜெர்மனில் தந்தவர், ‘வயிற்றுக்கடுப்பைப் பற்றி’ என்று பொருள்படும் ‘ஓ உப்லாவிட்ஸி’ என்ற தலைப்பை ஆசிரியர் பெயர் என்று எண்ணிவிட்டார். இல்லாத ஒரு டாக்டர் ஓ. உப்லாவிட்ஸி அதன் பிறகு ஐம்பது ஆண்டு பட்டியல் பட்டியலாக வலம் வந்தார். 1938-ல் கிளிஃபர்ட் டோபெல் உண்மையைக் கண்டுபிடித்து எழுதிய பிறகுதான் அவர் கதை முடிந்தது.

எனவே ஒவ்வொரு மேற்கோளுக்கும் மூன்று கேள்வி கேளுங்கள். நான் சொல்லும் எண்ணோ முடிவோ இந்தக் கட்டுரையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? அது இவர்களே கண்டறிந்ததா, அல்லது இவர்களும் வேறொருவரை மேற்கோள் காட்டுகிறார்களா? என் வாக்கியத்தில் உள்ள நோயாளிகளும் அவர்களுடைய நோயாளிகளும் ஒரே வகையா? இரண்டாவது கேள்விக்கு ‘வேறொருவர்’ என்று பதில் வந்தால் அந்த வேறொருவரிடம் போங்கள். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு மேற்கோள் காட்ட வேண்டாம். சுருக்கத்தில் ‘குறைந்தது’ என்றிருக்கும், உள்ளே அட்டவணையில் எந்தப் பிரிவினருக்குக் குறைந்தது என்றிருக்கும். படிக்கும்போதே பக்க எண்ணை ஸோட்டெரோவின் குறிப்புப் பகுதியில் எழுதி வையுங்கள். ரிவ்யூவர் கேட்கும்போது தேடி அலைய வேண்டாம்.

நான்காம் படி: வாக்கியத்தில் எண்ணை எங்கே வைப்பது

ஒரே வாக்கியத்தில் இரண்டு செய்தி இருந்தால் எண்களையும் பிரித்து வையுங்கள். ‘சர்க்கரை நோயாளிகளுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு அதிகம்,³ சிகிச்சை முடிந்த பின் மீண்டும் வருவதும் அதிகம்.⁴’ இப்படி எழுதினால் எது எதற்குச் சான்று என்று தெளிவாக இருக்கும். இரண்டையும் வாக்கியக் கடைசியில் ‘3,4’ என்று குவித்தால் படிப்பவர்தான் இரண்டு கட்டுரையையும் துழாவ வேண்டும். அடுத்தடுத்த எண்கள் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் 5-8 என்று கோடு போட்டுச் சுருக்குவது வழக்கம். விட்டுவிட்டு வந்தால் 5,7,9. நடுவில் இடைவெளி வேண்டாம்.

ஆசிரியர் பெயரைச் சொல்லி எழுதினால் எண் பெயரை ஒட்டி வரட்டும். கட்டுரைச் சுருக்கத்தில் மேற்கோள் எண் போடுவதில்லை.

மேலெழுத்து முறையில் ஓர் ஆபத்து இருக்கிறது. அளவு எண்ணுக்குப் பக்கத்தில் மேற்கோள் எண் வந்தால் அது அடுக்குக்குறி ஆகிவிடும். ‘சிடி4 எண்ணிக்கை 200²’ என்று அச்சாகியிருந்தால் 200-ன் வர்க்கமா, இரண்டாம் ரெஃபரன்ஸா? சிறுநீர் கல்ச்சர் பற்றிய வாக்கியம் 10⁵ என்று முடிந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் இரண்டு பொருளும் அங்கே நடக்கக்கூடியவை. இப்படிப்பட்ட இடங்களில் வாக்கியத்தைத் திருப்பி எழுதி, எண் ஒரு சொல்லின் பின்னால் வரும்படி செய்யுங்கள்.

அட்டவணையில் மட்டும் வரும் மேற்கோள்களுக்கும் ஒரு விதி உண்டு. அனுபவசாலிகளும் இதில் தவறுகிறார்கள். அட்டவணைகள் கோப்பின் கடைசியில் இருப்பதால் மென்பொருள் அவற்றின் மேற்கோள்களுக்குக் கடைசி எண்களைக் கொடுத்துவிடும். அது சரியல்ல. ‘அட்டவணை 1’ என்று உரையில் முதன்முதலில் எங்கே குறிப்பிடுகிறீர்களோ, அந்த இடத்தில் வந்ததாகக் கருதி எண் வர வேண்டும். அந்த வாக்கியத்துக்கு முன் கடைசியாக வந்த எண் 11 என்றால் அட்டவணையின் புதிய மேற்கோள்கள் 12-லிருந்து தொடங்கும். எளிய வழி, எழுதி முடிக்கும்வரை அட்டவணையை அந்தப் பத்திக்குக் கீழேயே வைத்திருங்கள். எல்லாம் முடிந்து, எண்களை நிலைப்படுத்திய பிறகு கடைசிக்கு நகர்த்துங்கள். படத்தின் கீழ் வரும் விளக்கத்துக்கும் இதேதான்.

ஐந்தாம் படி: ஜர்னல் கட்டுரையின் ரெஃபரன்ஸ், உறுப்பு உறுப்பாக

முதலில் சொன்ன கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். உங்கள் கோப்பில் இது ஆங்கில எழுத்தில் இருக்கும். இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன், நிறுத்தக்குறிகளைக் கவனியுங்கள்.

போர்ட்டர் ஜே, ஜிக் ஹெச். அடிக்‌ஷன் ரேர் இன் பேஷன்ட்ஸ் ட்ரீட்டட் வித் நார்கோட்டிக்ஸ். என் எங்ல் ஜே மெட். 1980;302(2):123.

குடும்பப் பெயர் முதலில், இடைவெளி விட்டு இனிஷியல். இரண்டுக்கும் நடுவே கமா இல்லை, இனிஷியலுக்குப் பின் புள்ளி இல்லை. இரண்டு இனிஷியல் இருந்தால் ஒட்டியே எழுத வேண்டும். ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவில் கமா, கடைசிப் பெயருக்கு முன் ‘அண்ட்’ வராது. ஆசிரியர் பகுதி முடிந்ததும் புள்ளி.

தலைப்பில் முதல் எழுத்தும் சிறப்புப் பெயர்களும் மட்டுமே பெரிய எழுத்து. சில பதிப்பகத் தளங்களிலிருந்து வரும் தகவலில் ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கியிருக்கும். ஸோட்டெரோவில் தலைப்பின் மேல் வலது க்ளிக் செய்தால் வாக்கிய நடைக்கு மாற்றும் வசதி இருக்கிறது. மாற்றிய பிறகு ஒருமுறை கண்ணால் பாருங்கள். இந்தியா, எச்ஐவி, நுண்ணுயிரின் பேரினப் பெயர் ஆகியவை சிறிய எழுத்துக்கு இறங்கியிருக்கலாம். மைக்கோபாக்டீரியம் ட்யூபர்குளோசிஸ் போன்ற அறிவியல் பெயர்களுக்குச் சாய்வெழுத்தும் கையால்தான் போட வேண்டியிருக்கும்.

ஜர்னல் பெயரின் சுருக்கத்தை நீங்களாகப் படைக்காதீர்கள். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் கேட்டலாக்கில் ஜர்னலைத் தேடினால் அதிகாரபூர்வச் சுருக்கம் கிடைக்கும். இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச் என்பது ‘இந்தியன் ஜே மெட் ரெஸ்’. லான்செட் போல ஒற்றைச் சொல்லாக இருந்தால் சுருக்கமே கிடையாது.

அடுத்து ஆண்டு, அரைப்புள்ளி, தொகுதி, அடைப்புக்குள் இதழ் எண், முக்காற்புள்ளி, பக்கம், முற்றுப்புள்ளி. இந்தத் தொடரில் எங்கும் இடைவெளி இல்லை. பக்க எல்லையைச் சில ஜர்னல்கள் 2194-5 என்று சுருக்கிக் கேட்கும், சில 2194-2195 என்று முழுதாகக் கேட்கும். இன்றைய இணைய ஜர்னல்கள் பலவற்றுக்குப் பக்க எண்ணே கிடையாது, கட்டுரை எண்தான். தொகுப்பாய்வு எழுதும் எல்லோரும் காட்டும் பிரிஸ்மா 2020 அறிக்கை பிஎம்ஜேயில் வந்தது. அதன் இடம் 2021;372:என்71. அந்த ‘என்71’ தட்டச்சுப் பிழை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள், பிடிஎஃப்பில் தெரியும் 1, 2 என்ற பக்க எண்களையும் அங்கே போடாதீர்கள்.

ஆறாம் படி: ஆசிரியர் பெயர்கள், குறிப்பாக நம் பெயர்கள்

மேற்கத்திய முறைக்கு ஒரு குடும்பப் பெயர் வேண்டும். நம்மில் பலருக்கு அது கிடையாது. செல்வத்தின் மகள் கவிதா தன்னை எஸ். கவிதா என்பார். ஒரு ஜர்னலின் படிவத்தில் கடைசிப் பெயர் கட்டத்தில் கவிதா என்று போட்டிருப்பார், அங்கே அவர் ‘கவிதா எஸ்’. இன்னொரு படிவம் ஒற்றை எழுத்தை ஏற்க மறுத்ததால் செல்வம் என்று நிரப்பியிருப்பார், அங்கே அவர் ‘செல்வம் கே’. பப்மெட்டில் இவர்கள் இரண்டு ஆட்கள். யாழ்ப்பாணத்து, மலேசியத் தமிழ் மருத்துவர்களுக்கும் இதே பாடுதான்.

அவரை மேற்கோள் காட்டும் உங்களுக்கு விதி ஒன்றே: அந்தக் கட்டுரைக்கு பப்மெட் எப்படிக் காட்டுகிறதோ அப்படியே எழுதுங்கள். அவரை நேரில் தெரியும், உண்மையில் கவிதாதான் பெயர் என்று திருத்தப் போனால் தேடுபவருக்குக் கட்டுரை கிடைக்காது. உங்கள் சொந்தப் பெயருக்கு என்ன செய்வது? முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்து ஆயுசுக்கும் அதையே பயன்படுத்துங்கள். ஆய்வாளருக்கான தனி அடையாளமான ஆர்சிட் எண்ணும் வாங்கிக்கொள்ளுங்கள், இலவசம்தான்.

ஆசிரியர் ஒரு நிறுவனமாக இருக்கும்போது மென்பொருள் கோட்டை விடும். நம் ஊரிலேயே அருமையான உதாரணம் இருக்கிறது. காசநோயாளியைச் சானடோரியத்தில் வைக்காமல் வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்த முடியும் என்று காட்டி, உலகம் முழுக்கச் சிகிச்சை முறையை மாற்றிய சென்னை ஆய்வு:

ட்யூபர்குளோசிஸ் கீமோதெரபி சென்டர், மெட்ராஸ். எ கன்கரன்ட் கம்பேரிசன் ஆஃப் ஹோம் அண்ட் சானடோரியம் ட்ரீட்மென்ட் ஆஃப் பல்மனரி ட்யூபர்குளோசிஸ் இன் சவுத் இந்தியா. புல் வேர்ல்ட் ஹெல்த் ஆர்கன். 1959;21(1):51-144.

இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது இந்த மையம்தான். இதை ஸோட்டெரோவில் சாதாரண ஆசிரியர் கட்டத்தில் போட்டால் மெட்ராஸை இனிஷியலாக்கி ‘எம்’ என்று நறுக்கிவிடும். பெயர்க் கட்டத்தின் ஓரத்தில் இருக்கும் சிறு பொத்தானை அழுத்தி ஒற்றைக் கட்டமாக மாற்றிவிட்டு நிறுவனப் பெயரை எழுதுங்கள். உலக சுகாதார நிறுவனம், ஐசிஎம்ஆர் ஆகியவற்றுக்கும் இப்படித்தான்.

ஏழாம் படி: ஜர்னல் அல்லாத மூலங்கள்

புத்தகத்தில் ஓர் அத்தியாயம் என்றால் முதலில் அத்தியாய ஆசிரியரும் தலைப்பும், பிறகு ‘இன்’ போட்டு முக்காற்புள்ளி, நூலின் பதிப்பாசிரியர்கள், நூல் தலைப்பு, எத்தனையாவது பதிப்பு, ஊர், முக்காற்புள்ளி, பதிப்பகம், அரைப்புள்ளி, ஆண்டு, கடைசியில் ‘பி’ என்று போட்டு அத்தியாயத்தின் பக்கங்கள். பாடநூலை அறிமுகப் பகுதியில் ஓரிரு முறை காட்டலாம். அதற்கு மேல் போனால் ரிவ்யூவர் முகம் சுளிப்பார், அதில் நியாயமும் இருக்கிறது.

அரசு அறிக்கை, இணையப் பக்கம் இவற்றில் மூன்றை விடாதீர்கள்: தலைப்புக்குப் பின் சதுர அடைப்பில் ‘இன்டர்நெட்’ என்ற சொல், நீங்கள் பார்த்த தேதி, முழு இணைப்பு. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றைக் காட்டுகிறீர்கள் என்றால் அதன் ஆசிரியர் மும்பையிலுள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனமும் ஐசிஎஃப்பும். மத்திய சுகாதார அமைச்சகம் என்று எழுதுவது தவறு. அரசுத் தளங்களின் இணைப்புகள் அடிக்கடி இடம் மாறும். பார்த்த அன்றே பிடிஎஃப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்திலும் சேமித்துவிடுங்கள்.

முன்பதிப்புகளை, அதாவது மெட்ஆர்கைவ் போன்ற தளங்களில் ரிவ்யூ ஆகாமல் இருப்பவற்றைக் காட்டினால் அது முன்பதிப்பு என்று ரெஃபரன்ஸிலேயே தெரிய வேண்டும். அது பின்னால் ஜர்னலில் வெளிவந்துவிட்டதா என்று தேடுங்கள். வந்திருந்தால் அதைக் காட்டுங்கள், முடிவுகள் மாறியிருக்கலாம். தனிப்பட்ட உரையாடலோ மின்னஞ்சலோ பட்டியலில் வராது. தவிர்க்கவே முடியாவிட்டால் உரைக்குள் அடைப்பில் பெயரும் தேதியும் போட்டு, அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மாநாட்டுச் சுருக்கங்களைச் சான்றாகக் காட்டுவதைத் தவிருங்கள்.

எட்டாம் படி: திரும்பப் பெறப்பட்டவையும் இல்லாதவையும்

எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட 1998 லான்செட் கட்டுரையை அந்த ஜர்னல் 2010-ல் திரும்பப் பெற்றது. கோவிட் நோயாளிகளுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கொடுப்பதைப் பற்றி 2020 மே மாதம் அதே ஜர்னலில் வந்த பெரிய ஆய்வு, இரண்டே வாரத்தில் ஜூனில் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் உங்கள் கணினியில் இறக்கி வைத்த பிடிஎஃப்புக்கு அது தெரியாது. திரும்பப் பெறப்பட்டதைச் சான்றாகக் காட்டவில்லை என்று பார்த்துக்கொள்வது கட்டுரையாளரின் பொறுப்பு என்று ஐசிஎம்ஜேஇ தெளிவாகச் சொல்கிறது. திரும்பப் பெற்றதைப் பற்றியே பேசுவதானால் காட்டலாம், அதையும் குறிப்பிட்டுத்தான் காட்ட வேண்டும். ஸோட்டெரோ ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுச் சிவப்பில் எச்சரிக்கும். பப்மெட் பக்கத்திலும் அறிவிப்பு இருக்கும். சமர்ப்பிக்கும் அன்று இன்னொரு முறை பாருங்கள்.

அடுத்தது செயற்கை நுண்ணறிவு. சாட்பாட்டிடம் ‘இதற்குப் பத்து ரெஃபரன்ஸ் கொடு’ என்று கேட்டால் அழகாக, கமா பிசகாமல் கொடுக்கும். உண்மையான ஆசிரியர் பெயர், உண்மையான ஜர்னல், நம்பும்படியான தலைப்பு எல்லாம் இருக்கும், ஆனால் அப்படி ஒரு கட்டுரையே இருக்காது. டிஓஐ எண்ணைச் சொடுக்கினால் வேறு எங்கோ போய் நிற்கும். ஆங்கிலத்தைச் சீர்செய்ய அதைப் பயன்படுத்தி, ஜர்னல் கேட்கும்படி அதைத் தெரிவித்துவிடுங்கள், அதில் தவறில்லை. ரெஃபரன்ஸ் மட்டும் அதனிடமிருந்து வரவே கூடாது. எங்கிருந்தோ வந்த ஒரு வரி உண்மையா என்று சோதிக்க பப்மெட்டில் சிங்கிள் சைட்டேஷன் மேச்சர் என்ற கருவி இருக்கிறது. ஜர்னல், ஆண்டு, தொகுதி, முதல் பக்கம் கொடுத்தால் போதும், இருந்தால் காட்டும், இல்லையென்றால் இல்லை.

ஒன்பதாம் படி: அனுப்பும் முன்னும் அனுப்பிய பின்னும்

கோப்பை இரண்டாகச் சேமியுங்கள். ஒன்றில் ஸோட்டெரோ இணைப்பு உயிரோடு இருக்கட்டும், பெயரிலேயே ‘மூலம்’ என்று குறித்துவிடுங்கள். இன்னொன்றில் இணைப்பைத் துண்டித்து வெறும் எழுத்தாக்கி அதை ஜர்னலுக்கு அனுப்புங்கள். திருத்தம் வரும்போது மூலத்தில்தான் வேலை செய்ய வேண்டும். துண்டித்த கோப்பில் திருத்தத் தொடங்கினால் மீண்டும் கையால் எண் போடும் நிலைக்கே வந்துவிடுவீர்கள்.

பிறகு அச்செடுத்த தாளில் ஒரு பேனாவோடு உட்காருங்கள். உரையில் 1-ஐத் தேடி டிக், 2-ஐத் தேடி டிக், இப்படியே கடைசிவரை. வரிசை தப்பியது, பட்டியலில் இருந்தும் உரையில் இல்லாதது, ஒரே கட்டுரை இரண்டு எண்ணில் இருப்பது எல்லாம் இதில் பிடிபடும். கடைசியாகச் சொன்னது, ஒரே கட்டுரையை பிஎம்ஐடி வழியாக ஒருமுறையும் டிஓஐ வழியாக ஒருமுறையும் சேர்த்ததால் வருவது. ஸோட்டெரோவில் நகல்களைக் காட்டும் பகுதிக்குப் போய் இணைத்துவிடுங்கள். இந்தச் சோதனையை இணை ஆசிரியர் ஒருவரிடம் கொடுப்பது இன்னும் நல்லது, எழுதியவர் கண்ணுக்குச் சொந்தப் பிழை தெரியாது.

ரிவ்யூவர் குறிப்புகளோடு ‘இந்த ஐந்து கட்டுரைகளையும் சேர்க்கவும்’ என்று வரலாம். ஒவ்வொன்றையும் படியுங்கள். பொருத்தமானவற்றைச் சேருங்கள். ஐந்தும் ஒரே ஆளுடையவை, உங்கள் தலைப்புக்குச் சம்பந்தமில்லாதவை என்றால் சேர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. பதில் கடிதத்தில் ஒவ்வொன்றும் ஏன் பொருந்தவில்லை என்று மரியாதையாக எழுதுங்கள். அது ஜர்னல் ஆசிரியர் கண்ணிலும் படும். சேர்த்தவற்றுக்கும் மூன்றாம் படியின் கேள்விகள் உண்டு.

ஏற்கப்பட்ட பின் ப்ரூஃப் வரும், அதோடு பதிப்பகத்தின் கேள்விப் பட்டியலும் வரும். ரெஃபரன்ஸ் 14-க்குத் தொகுதி எண் தருக, ரெஃபரன்ஸ் 22 உரையில் எங்கே என்பதுபோல இருக்கும். அவகாசம் பெரும்பாலும் ஓரிரு நாள்தான். எழுதியபோது அச்சுக்கு முன் இணையத்தில் மட்டும் வந்திருந்த கட்டுரைகளுக்கு இதற்குள் தொகுதியும் பக்கமும் கிடைத்திருக்கும், நிரப்பிவிடுங்கள். ப்ரூஃபில் எல்லா டிஓஐயையும் ஒவ்வொன்றாகச் சொடுக்கி, திறக்கும் பக்கத்தின் தலைப்பும் உங்கள் வரியில் உள்ள தலைப்பும் ஒன்றா என்று பாருங்கள். மேலெழுத்து எண்கள் தட்டச்சமைப்பில் சாதாரண எண்ணாகக் கீழே இறங்கியிருந்தால் அதையும் குறித்து, கேள்வி எண் வாரியாகப் பதில் எழுதித் திருப்பி அனுப்புங்கள்.